வடக்குக் கரையின் ஞாயிற்றுக்கிழமைகள்

சிங்கப்பூரை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது என்று ஒரத்தநாட்டுப் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சம்பளத்தை நினைத்து ஏங்குகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "இப்ப வெள்ளி என்ன ரேட்டு போகுது?" என்று அடுத்த கேள்வி வரும். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது போய் வந்தவர்கள். மாடி வீட்டிலும் டைல்ஸ் தரையிலும் தங்கை கழுத்துச் சங்கிலியிலும் அந்த ஊர்க் காசு இருக்கிறது. ஆனால் போய் வந்தவர்கள் கூடிப் பேசும்போது அந்த ஊர் பேச்சில் வராது. கம்பெனி வரும், டாம் என்கிற தங்கும் விடுதி வரும், ஓவர்டைம் வரும், ஏஜென்டுக்குக் கட்டிய பணம் வரும். ஊர் எப்படி இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

எனக்கு ஊர்தான் வருகிறது. மூன்று கட்டடங்களின் தலைமேல் ஒரு கப்பலை ஏற்றி வைத்த அந்த ஓட்டல் வருவதில்லை, தண்ணீர் துப்பும் சிங்கமும் வருவதில்லை. அவற்றின் முன்னால் நின்று நானும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன், அத்தோடு அந்தக் கடமை முடிந்தது. எனக்குள் தங்கிவிட்டது அந்தத் தீவின் வடக்கு ஓரம். செம்பவாங், பொங்கோல் முனை, சாங்கி கிராமம் என்று ஜோகூர் நீரிணையைப் பார்த்தபடி கிடக்கும் இடங்கள். எதிரே மலேசியா, இடையில் அகலமான ஆற்றளவுக்குக் கடல். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கரைகளில் நடப்பேன். எதற்கு நடக்கிறேன் என்று எனக்குத் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில், சாயப் பிரிவில் எனக்கு வேலை. உலர்துறையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கரையைக் குடைந்து கட்டிய ஒரு பெரிய தொட்டி அது. கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டால் கப்பல் வரிசையாகப் போட்ட கட்டைகளின்மேல் உட்காரும். அதன் வயிற்றுக்குக் கீழே நின்று ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவோம், துருவை அடித்து உதிர்ப்போம், அடுக்கடுக்காகச் சாயம் பூசுவோம். அங்கே இருந்த பெரிய துறைக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் கடற்படைத் தளத்துக்காகக் கட்டி 1938 பிப்ரவரியில் திறந்தது, நீளம் சுமார் 300 மீட்டர். அவர்கள் மூட்டை கட்டத் தொடங்கியபோது, 1968-ல், பட்டறை சிங்கப்பூர்க் கம்பெனியின் கைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், வாரத்தில் ஆறு நாளும் கடலோரத்தில்தான் இருப்பேன், கடலைப் பார்த்ததே கிடையாது. தலைக்கு மேலே இரும்பு, காலடியில் ஈரச் சிமெண்ட். கடலை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தின பிறகுதான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போவார்கள். நானும் வெகுகாலம் போனேன். பணம் அனுப்ப வேண்டும், மளிகை வாங்க வேண்டும், ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டும். சிராங்கூன் சாலையின் பக்கத்துச் சந்துகளில் ஒவ்வொரு முக்கும் ஒவ்வொரு தாலுகாவுக்குச் சொந்தம் என்று சொல்லலாம். மன்னார்குடி ஆட்கள் இந்தத் திருப்பத்தில், அறந்தாங்கி ஆட்கள் அந்தக் கடைவாசலில். புல்தரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு, பேசி, தூங்கி, சாயங்காலம் வண்டி ஏறுவார்கள். அது இல்லாவிட்டால் பலர் அந்த ஊரில் பைத்தியம் பிடித்துத் திரிந்திருப்பார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போனால் ஊரும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். "தங்கச்சிக்கு ஏதும் அமைஞ்சுதா?" "கடன் எவ்ளோ அடைச்சிருக்க?" "எப்ப ஊருக்குப் போற?" அக்கறையில் கேட்பதுதான். ஆறு நாள் சூப்பர்வைசருக்குப் பதில் சொல்லிவிட்டு ஏழாம் நாளும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்.ஆர்.டி. ரயில் ஏறாமல், செம்பவாங் பஸ் முனையத்தில் நின்ற 882-ல் ஏறினேன். எங்கே போகும் என்று பார்க்கக்கூட இல்லை. அடுக்குமாடி வீடுகள் தீர்ந்து, மரங்கள் பெரிதாகி, பஸ்ஸில் ஆட்கள் குறைந்து, செம்பவாங் பூங்காவுக்குப் பக்கத்தில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் சாலை கிடையாது.

பூங்கா பெரிதில்லை. கடலைப் பார்த்தபடி ஒரு பழைய பங்களா நிற்கிறது, போலியூ ஹவுஸ் என்று பெயர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பணக்காரக் குடும்பம் கடற்காற்றுக்காகக் கட்டியது. பிறகு கடற்படை எடுத்துக்கொண்டது, அதற்கும் பிறகு சாப்பாட்டுக் கடை ஆனது. அதன் முன்னால் 1940களில் போட்ட ஒரு துறைமேடை. சின்ன மணற்கரை ஒன்றும் உண்டு. சிங்கப்பூரின் கடற்கரைகளில் பெரும்பகுதி மணல் கொட்டிச் செய்தவை, இது பழைய கரையில் மிச்சமிருப்பது. தண்ணீர் வற்றும்போது சேறும் கல்லும் தெரியும், அழகு என்று சொல்ல முடியாது. எதிர்க்கரையில் பாசிர் கூடாங் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளும் பாரந்தூக்கிகளும். காற்று திரும்பினால் எண்ணெய் வாடை வரும். சுற்றுலா வழிகாட்டி ஒருவர்கூட இங்கே ஆளைக் கூட்டி வந்து நிறுத்தமாட்டார். அதனால்தான் அந்த இடம் அப்படியே கிடந்தது.

துறைமேடையில் தூண்டில்காரர்களும் நண்டு பிடிப்பவர்களும் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். நண்டுக்கு அவர்கள் வைத்திருப்பது கம்பி வளைத்துக் கட்டிய சின்ன வலைக்கூடு. நடுவில் மீன் தலையோ கோழித் துண்டோ கட்டிக் கயிற்றில் இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மறுபடி இறக்குவார்கள். மலாய்க் குடும்பம் ஒன்று பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், சீனக் கிழவர் ஒருவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருப்பார். நான் போய் நிற்பேன். யாரும் நகர்ந்து இடம் விட மாட்டார்கள், யாரும் முறைக்கவும் மாட்டார்கள்.

அங்கே அடிக்கடி வரும் தமிழர் ஒருவர் இருந்தார், எழுபது தாண்டியவர். முதல் தடவை அவராகத்தான் பேசினார்.

"தம்பி இந்தியாவா?"

"ஆமா அங்கிள். பட்டறையில வேலை."

"எங்கப்பாவும் அங்கதான். வெள்ளக்காரன் நேவல் பேஸ் வச்சிருந்தப்ப. கிராணி, அதான் கிளார்க்."

அவ்வளவுதான். எந்த ஊர், என்ன சம்பளம், கல்யாணம் ஆயிற்றா, ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை இழுத்து வெறும் கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கினார். இன்னொரு நாள், நான் அவருடன் பேசிக்கொண்டே வெகுநேரம் நின்றுவிட்டபோது, "நீ நடக்கத்தான வந்த? அப்ப நட" என்றார். விரட்டியது மாதிரி இருந்தாலும் அதில் இருந்த மரியாதை எனக்குப் புரிந்தது.

அந்தத் தண்ணீரைப் பற்றி அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நம்மூர் வங்காள விரிகுடாவைப் பார்த்தவனுக்கு அந்தக் கடல் கடலாகவே தெரியாது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. கொஞ்சம் மேற்கே உட்லண்ட்ஸில் இருந்து ஜோகூருக்குப் போகும் தரைப்பாலம் இருக்கிறதே, அது தூண் நட்டுக் கட்டிய பாலமில்லை. கடலின் குறுக்கே ஒரு கிலோமீட்டர் தூரம் கல்லைக் கொட்டி நிரப்பிய அணை. 1924-ல் முறைப்படி திறந்தார்கள். தொடக்கத்தில் படகு போக ஜோகூர்ப் பக்கம் ஒரு மதகு வழி விட்டிருந்தார்கள், போரோடு அதுவும் போயிற்று. அதனால் நீரிணை இரண்டு துண்டாகி, தண்ணீர் இந்தப் பக்கம் வந்து திரும்பும், ஊடே ஓடாது. அந்தத் தீவின் தெற்கே உலகத்துக் கப்பல்கள் எல்லாம் மொய்க்கின்றன, வடக்கே கடல் முட்டுச்சந்தில் கிடக்கிறது. 1942 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு, இன்னும் மேற்கே தள்ளி, ஜப்பானியர்கள் இந்த நீரிணையைத்தான் படகில் தாண்டி வந்தார்கள். அத்தனை பணம் கொட்டிக் கட்டிய கடற்படைத் தளம் திறந்து நாலே வருடத்தில் கை மாறியது.

கரையோரம் நடந்தால் போனுக்குக் குழப்பம் வந்துவிடும். எதிர்க்கரைக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு, மலேசியாவுக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி அனுப்பும். நின்ற இடத்திலேயே நாடு கடந்தாயிற்று, டாப்-அப் காசும் கரையத் தொடங்கும். நீர் விளிம்பில் ஆங்காங்கே நான்கு மொழியில் எச்சரிக்கைப் பலகைகள். அதில் தமிழும் உண்டு. அபாயம் என்று நம் எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோனவன் அந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

பூங்காவை விட்டு உள்ளே திரும்பினால் பழைய கடற்படைக் குடியிருப்பு. வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம், உயரமான கூரை, சுற்றிலும் பெரிய புல்வெளி என்று அதிகாரிகளுக்குக் கட்டிய பங்களாக்கள். தெருக்களுக்கு ஜிப்ரால்டர், மால்டா, பெர்முடா, டர்பன் என்று பெயர். ஒருகாலத்தில் அவர்கள் கொடி பறந்த இடங்களையெல்லாம் ஒரே மத்தியானத்தில் செருப்புக் காலோடு சுற்றி வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்களில் மனித நடமாட்டமே இருக்காது. நாய் குரைக்காது. ஊர்ப்பழக்கத்தில் தெருவில் நடக்கும்போது ஒரு காது பின்னாலேயே இருக்கும், வண்டி வருகிறதா, யாராவது கூப்பிடுகிறார்களா என்று. அங்கே நடந்து நடந்து அந்தக் காது ஓய்வெடுத்துக்கொண்டது.

அந்தத் தளத்தில் வேலை பார்த்தவர்களில் மலையாளிகளும் தமிழர்களும் ஏராளம். கான்பெரா சாலை ஓரத்து மரம் ஒன்றில் முருகன் இருப்பதாகத் தளத்துத் தமிழர் ஒருவர் கனாக் கண்டார். அந்த மரத்தடி வழிபாடு வளர்ந்து கோயிலாகி, பிற்பாடு ஈசூன் தொழிற்பேட்டைக்கு இடம் மாறியது. புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் என்று அதற்குப் பெயர். பங்குனி உத்திரத்துக்குக் காவடியும் பால்குடமுமாகக் கூட்டம் நெரியும். கோயிலைச் சுற்றித் தொழிற்கூடங்கள், கடப்பது எல்லாம் சரக்கு லாரி. துறைமேடைப் பெரியவர் அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் உரிமை ஏறும். "எங்க மரம்" என்பார். அவர் பிறந்த குவாட்டர்ஸ் இல்லை, விளையாடிய சோங் பாங் கிராமம் இல்லை, அப்பா வேலை பார்த்த தளம் இல்லை. ஊரை விட்டு நகராமலேயே ஊரை இழந்தவர். அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை.

சாங்கிக்கு அவ்வப்போது போவேன். தூரம். பஸ் மாறி மாறிப் போய்ச் சேரப் பாதி நாள் ஆகிவிடும். சாங்கி என்றதும் விமான நிலையம்தான் எல்லோருக்கும் தெரியும், என்னோடு வந்து இறங்கியவர்களுக்கு அதற்கு அப்பால் ஒன்று இருப்பதே தெரியாது. அதையும் தாண்டி, 2-ஆம் எண்ணும் 29-ஆம் எண்ணும் போய் முடியும் இடம் சாங்கி கிராமம். ஓர் உணவங்காடி, ஒரு கடைவரிசை, ஒரு படகுத்துறை. அங்கிருந்து புலாவ் உபின் தீவுக்குப் பழைய மரப் படகுகள் போகும். அந்தத் தீவில் ஒருகாலத்தில் கருங்கல் குவாரிகள் இருந்தன, நான் சொன்ன தரைப்பாலத்துக்கும் அங்கிருந்து கல் போயிருக்கிறது. படகுக்கு அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். நிமிஷக் கணக்கில் ரயில் ஓடும் ஒரு நாட்டில், பன்னிரண்டாவது ஆள் வரும்வரை பதினொரு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பால் சேர்க்காத தே-ஓ குடித்துக்கொண்டிருக்கும் இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் பல தடவை படகு ஏறாமல் அந்தக் காத்திருப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அங்கே கடலையொட்டி மரப்பலகைப் பாதை ஒன்று போகிறது, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மரங்களில் இருவாச்சி உட்கார்ந்திருக்கும். வால்பாறைக் காட்டில் தவம் கிடந்து பார்க்க வேண்டிய பறவையின் உறவுக்காரன், இங்கே கார் நிறுத்துமிடத்துக்கு மேல் கத்திக்கொண்டிருப்பான். சிங்கப்பூரில் அற்றுப்போய் நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1994-ல் உபினில் மறுபடி தென்பட்டு, மெல்ல மெல்லக் கரைக்கும் வந்த இனம்.

சாங்கிக் கடற்கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. திறந்த புத்தக வடிவம். 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியர்கள் அந்த நீர் விளிம்பில் 66 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள், சாதாரண குடிமக்களை. அந்த விவரம் பல மொழிகளில் பொறித்திருக்கிறது, தமிழிலும். அதை நான் தமிழில் நின்று படித்தேன். பக்கத்திலேயே கூடாரம் அடித்துக் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் மணல் தோண்டினார்கள், விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தலைக்கு மேல் தாழ்ந்து போயின. பொங்கோல் முனையிலும் அதே கதை, பிப்ரவரி 28, இன்னும் அதிகம் பேர். சந்தடி இல்லாத கரையாகப் பார்த்துத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். ஓரத்து ஊர்களின் அமைதியைப் பற்றிப் பேசுகிறவன் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொங்கோலைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. பன்றிப் பண்ணைகளும் நண்டுக் கடைகளுமாக இருந்த ஊரை நகரமாக்கிவிட்டார்கள். முனைவரை நடைபாதை போட்டு, உட்கார இடம் கட்டி, எல்லாம் சுத்தம். சைக்கிள்காரர்கள் மணியடித்து ஒதுங்கச் சொல்வார்கள். எனக்குச் சேறு பிடித்திருந்தது.

2020 ஏப்ரலில் டாம்களைப் பூட்டினார்கள். கொரோனா எங்களிடையே பரவியதும் கதவு சாத்தியாயிற்று. ஓர் அறையில் பன்னிரண்டு பேர், பதினாறு பேர். சாப்பாடு வந்தது, சம்பளம் வந்தது, மருத்துவர் வந்தார், இலவச வைஃபை கொடுத்தார்கள். ஊரில் அந்த நேரம் பட்ட பாட்டைப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது. நடக்க முடியவில்லை, அவ்வளவுதான். தாழ்வாரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பேன், அதற்கும் நேரம் வகுத்திருந்தார்கள். மூடிய கண்ணுக்குள் துறைமேடையில் ஆரம்பித்து மால்டா தெரு வழியாகச் சுற்றி வருவேன். எந்தத் திருப்பத்தில் எந்த மரம் என்பது அப்போதுதான் எனக்கு மனப்பாடம் ஆனது.

பூட்டு கழன்ற பிறகும் நினைத்தபோது வெளியே போக முடியாது, அனுமதி வாங்கிப் போக வேண்டும். சிங்கப்பூர்வாசிகள் எல்லாம் முகமூடி கழற்றிக் கடைத்தெருவில் திரிந்த பிறகும் எங்களுக்கு அது நீண்டது. 2022 ஜூன் 24-ஆம் தேதிதான் அந்த அனுமதியை எடுத்தார்கள். அப்போதும் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போக மட்டும் பாஸ் வேண்டும் என்றார்கள். கூட்டம் சேரும் இடங்களாம். தேக்காவுக்குப் போக முடியாதவர்கள் கொதித்தார்கள், நியாயம்தான். சேறும் எண்ணெய் வாடையும் உள்ள வடக்குக் கரைக்குப் பாஸ் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த முதல் ஞாயிறு நான் 882-ல் ஏறினேன். பெரியவர் இல்லை. அதற்குப் பிறகும் நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டதில்லை, அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. அந்த இடத்தின் வழக்கம் அது.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வந்த புதிதில், சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு தார்ச் சாலையில் கிளம்பினேன். தெருமுனை தாண்டவில்லை, பைக் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா? ஏறுங்க, விட்டுடறேன்."

"இல்லப்பா, சும்மா நடக்கறேன்."

"சும்மாவா? எங்க போகணும்?"

எங்கும் இல்லை என்று சொன்னதை அவன் நம்பவில்லை. வீட்டில் ஏதும் சண்டையா என்பது போலப் பார்த்துவிட்டுப் போனான். அடுத்த நாள் சித்தப்பா வந்து, "சுகர் டெஸ்ட் எடுத்தியா, எவ்ளோ இருக்கு?" என்றார். எங்கள் ஊரில் நடப்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட காரணங்கள் மூன்று. சர்க்கரை, பாதயாத்திரை, இழவு. சர்க்கரைக்காரர்கள் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றுவார்கள். வேளாங்கண்ணிக்குக் கூட்டமாய்ப் போவார்கள். பாடைக்குப் பின்னால் போவார்கள். நாலாவதாக ஒருவன் நடந்தால் அவனுக்கு ஏதோ பிரச்சினை. நான் காரணம் இல்லாமலே மூன்றாம் வாரத்தில் சர்க்கரைக்காரன் ஆகிவிட்டேன், அது வசதியாக இருக்கிறது.

தண்ணீர் இல்லாத ஊர் என்றும் சொல்ல முடியாது. கல்லணைக் கால்வாய் எங்கள் பக்கம்தான் போகிறது. கரை நெடுக நடக்கலாம். ஜூனில் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து சேர்ந்து, ஜனவரி கடைசியோடு அடைபடும், மிச்ச மாதம் மணலும் முள்ளும். கடல் வேண்டுமென்றால் தெற்கே மல்லிப்பட்டினம். அங்கே போய் நின்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்பவாங் தண்ணீர் அங்கே கிடந்தது! பாக் நீரிணையை ஒட்டிய அந்தக் கடலிலும் அலை இல்லை, சேறு, அலையாத்திச் செடி, தூரத்தில் நிற்கும் படகுகள். சரபோஜி மன்னர், நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட 1814-15-ல் கட்டிய மனோரா கோபுரம் கரையில் நிற்கிறது. நீருக்குள் கடற்பசுக்கள் மேய்கின்றன, 2022-ல் அந்தக் கடற்பகுதியை அவற்றுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். நடக்க இதைவிட நல்ல கரை வேண்டியதில்லை. நடந்தேன். கால் மணிக்குள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், யார் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று. ஐந்தாமவர் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்கள். அவர்களுடைய கரை அது, வேற்றாள் வந்தால் கேட்கத்தான் செய்வார்கள். எனக்குத் தேவைப்பட்டது யாருடைய கரையாகவும் இல்லாத ஒரு கரை.

இதையெல்லாம் ஒரு நாள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி கேட்டுவிட்டு, "நீங்களாவது அங்க நடந்தீங்க. நான் பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல எங்க சும்மா நடந்திருக்கேன்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. இப்போது இருவருமாகக் கால்வாய்க் கரையில் போகிறோம். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நடந்தால் டாக்டர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடுகிறார்கள்.

செம்பவாங் பட்டறையின் வேலைகளைத் தீவின் மேற்கே துவாசுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த இடத்தில் கடலோரக் குடியிருப்பும் பொழுதுபோக்கு இடங்களும் கொண்டுவரத் திட்டம். வேலைக்காரர்கள் மட்டும் நின்ற உலர்துறை ஓரத்தில் இனி காற்று வாங்க ஆட்கள் வருவார்கள். வரட்டும், கடலைப் பார்க்க விடாமல் வேலி போட்டிருந்த இடம் திறப்பது நல்லதுதான். ஆனால் பொங்கோலுக்கு வந்த நடைபாதையும் சைக்கிள் மணியும் இங்கேயும் வரும். அதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும்.

அங்கே இப்போது வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். தேக்காவுக்குப் போங்கள், போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் செம்பவாங் முனையத்தில் 882 ஏறி, பூங்காவில் இறங்கி, கடலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு நடங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் குடையும் போதும், செலவு பஸ் காசு மட்டும்தான். இறங்கும்போது போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.